எதை வைப்பது, எதை எடுப்பது: வட்டகொடைத் தேயிலைக்காரிகளின் இணையதளம்

போன கிழமை நம் ஒபிஸைப் பார்க்க வந்தபோது, இப்போது அங்கே வெப்சைட் செய்யும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மேடம், ஒரு வியாபார வெப்சைட்டுக்குக் கட்டாயம் வேணும்கிற ப்ளகின் எது எதுன்னு ஒரு லிஸ்ட் எழுதித் தர முடியுமா?" தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியதும் தெரிந்தது, வெறும் லிஸ்ட்டாக எழுதினால் நீங்கள் அதைச் சுவரில் ஒட்டுவீர்கள், அப்புறம் மறந்துவிடுவீர்கள். அந்த லிஸ்ட் என் கைக்கு எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அதில் என் தவறு ஒன்று இருக்கிறது, பெரிய தவறு. ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஹட்டனில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நம் ஒபிஸ் இருந்த காலம் அது. அப்போது நானும் இன்னொருவரும் மட்டும்தான். வட்டகொடையிலிருந்து செல்வமலர் என்று ஒருத்தி வந்தாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், பல வருடம் வேலை பார்த்தவள். அந்த வேலையை விட்டு, ஏழு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கால் ஏக்கர் தேயிலையைக் குத்தகைக்கு எடுத்து, கையாலேயே உருட்டித் தேயிலை செய்துகொண்டிருந்தாள். ஒரு டின்னில் கொஞ்சம் கொண்டுவந்திருந்தாள். ஊற்றிக் குடித்தோம். நான் தேயிலைக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள், அப்படி ஒரு சாயத்தண்ணியை அதற்கு முன் குடித்ததில்லை.

"அக்கா, இத வெளிநாட்டுக்காரங்க வாங்குவாங்கன்னு சொல்றாங்க. வெப்சைட் ஒண்ணு இருந்தா போதுமாம்," என்றாள்.

செய்து கொடுத்தேன். அந்த நாட்களில் எனக்கு ப்ளகின் என்றால், தளத்தோடு ஒட்டவைக்கும் அந்தக் குட்டி நிரல்கள் என்றால், அப்படி ஒரு ஆசை. நகரும் படங்கள், வந்தவர் எண்ணிக்கை, வட்டகொடையில் இப்போது மழையா வெயிலா என்று காட்டும் பெட்டி, மூலையில் எட்டிப்பார்த்து 'வணக்கம்' மட்டும் சொல்லும் பேச்சுப்பெட்டி, வாங்குவதைப் போட்டுக்கொள்ள வண்டியோடு ஒரு கடை, தளத்துக்குள் திருடர் நுழையாமல் இரண்டு காவல், அந்தக் காவலுக்கும் ஒரு காவல். மொத்தம் முப்பத்தொன்று. மலர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மழைப் பெட்டியைக் காட்டி, "அக்கா, இது எதுக்கு?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும் மலர். இலவசம்தானே," என்றேன்.

அவள் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னது பதிலே இல்லை.

தன் போன் நம்பரைப் போட வேண்டாம் என்று மட்டும் அவள் பிடிவாதமாக நின்றாள். "இங்கிலீஸ்ல யாராவது பேசினா நான் என்னத்த சொல்றது? எழுதி அனுப்பட்டும், நீங்க படிச்சுச் சொல்லுங்க." ஆகவே அந்தத் தளத்தில் வெளி உலகம் அவளிடம் பேச இருந்த ஒரே வாசல், கடிதம் எழுதும் படிவம் ஒன்றுதான். எழுதினால் அது எனக்கு மின்னஞ்சலாக வரும். முதல் நாள் நானே எழுதிச் சோதித்துப் பார்த்தேன். வந்தது. திருப்தியாக இருந்தது.

ஒரு கிழமை கழித்து அந்தப் படிவம் வழியாகச் சூதாட்ட விளம்பரமும் மருந்து விளம்பரமும் வரத் தொடங்கின. ஏற்கெனவே குப்பைக் கடிதங்களைப் பிடிக்கும் ப்ளகின் ஒன்று இருந்தது. அதை எடுக்காமல், அதற்கு மேல் இன்னொன்றைப் போட்டேன். உடனே குப்பை நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை. திரும்பச் சோதித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

பிறகு ஐந்து மாதம். கிழமைக்கு ஒரு தடவை மலர் போன் எடுப்பாள். "அக்கா, ஏதும் வந்திருக்கா?" "இல்ல மலர். கொஞ்ச நாள் எடுக்கும்." கொஞ்ச நாள் எடுக்கும் என்று நான் சொன்னதை அவள் தன் பெண்களிடம் சொல்லியிருப்பாள். நுவரெலியாவில் இரண்டு கடைகள் எடுத்த தேயிலையில் எட்டுப் பேர் எத்தனை நாள் இருக்க முடியும்? ஒருத்தி மறுபடி தோட்டத்தில் வேலைக்குப் பெயர் போட்டுவிட்டாள். இன்னொருத்தி கொழும்பில் வீட்டு வேலைக்குப் போவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை, நல்ல மழை, மலர் நேராக ஒபிஸுக்கே வந்தாள். குடையை மடித்து வாசலில் வைத்தாள். உட்காரவில்லை.

"மூடிரலாம்னு முடிவு பண்ணிட்டோம் அக்கா. நேத்து பறிச்ச கொழுந்து பதத்துக்கு வாடிக்கிட்டு இருக்கு. அத இன்னைக்கு உருட்டி முடிச்சா அவ்வளவுதான்."

"இன்னும் கொஞ்சம் பாக்கலாமே மலர்."

"யாருக்கும் வேணாம்னா வேணாம்தானே? நம்ம படத்தையெல்லாம் அதிலேர்ந்து எடுத்துருங்க. ஆளுங்க பாத்துச் சிரிக்கப் போறாங்க."

என்னைக் குறை சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

தளத்தை எடுக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வைப்போம் என்று உட்கார்ந்தேன். பிரதி எடுக்க முடியவில்லை. தளம் இருக்கும் சேர்வர் கம்பனிக்குப் போன் எடுத்தேன். கொழும்பிலிருந்து ஒரு பெண் குரல், சிங்களத்தில். குரலை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. அவளுடைய பெயரை நான் கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது. என் தொழிலில் எனக்குக் குரு என்று யாராவது உண்டென்றால் அவள்தான்.

"மிஸ், உங்க இடம் நிரம்பிருச்சு. பிரதி எடுக்குற ப்ளகின் தன்னோட பிரதியெல்லாம் இங்கேயே அடுக்கி வச்சிருக்கு. அதோட குப்பைக் கடிதம்னு ஒரு பட்டியல், ஆயிரக்கணக்கில இருக்கு."

"அத அழிச்சிருங்க," என்றேன். எப்படியும் மூடப்போகிற தளம்.

"பாத்தீங்களா மிஸ்?"

"குப்பைதானே?"

"நான் படிக்காத எதையும் அழிக்க மாட்டேன் மிஸ். நீங்களும் ஒருக்கா பாருங்க. அப்புறம் கோல் எடுங்க, அழிச்சுத் தாறேன்."

எரிச்சலாக இருந்தது. ஆனாலும் திறந்தேன். சூதாட்டம், மருந்து, கடன், மறுபடி சூதாட்டம். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி: 'அன்புள்ள பெண்களுக்கு, உங்கள் கைகளின் படத்தைப் பார்த்தேன்.' கீழே இறங்கினேன். எல்ல என்ற ஊரிலிருந்து ஒரு ஹோட்டல். கனடாவில் ஒரு கடை. மாத்தளையில் பிறந்து எங்கேயோ போய்விட்ட ஒரு மனிதர், தன் அம்மாவுக்கு இரண்டு தேயிலைப் பொட்டலம் கேட்டு.

நடந்தது இதுதான். முதலாவது ப்ளகின் படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை வைத்திருந்தது. மனிதர்களுக்கு அது தெரியாது, அதனால் நிரப்ப மாட்டார்கள். விளம்பரம் அனுப்பும் இயந்திரம் நிரப்பும். நிரப்பியிருந்தால் குப்பை என்று கணக்கு. நான் மேலே போட்ட இரண்டாவது ப்ளகின், அதே கட்டத்தில் தன் இரகசியக் குறி ஒன்றை எழுதி வைத்தது. ஆக, யார் எழுதினாலும் கட்டம் நிரம்பியிருக்கும். யார் எழுதினாலும் குப்பை. ஐந்து மாதமாக உலகம் மலருக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. குப்பை பிடிக்க நான் வைத்த இரண்டு ப்ளகினும் சேர்ந்து ஒரு கடிதத்தைக்கூட உள்ளே விடவில்லை.

கடைசியாக வந்திருந்த கடிதம் மூன்று நாள் பழையது. டென்மார்க்கில் சின்னத் தேயிலைக் கடை நடத்தும் கணவன் மனைவி. நுவரெலியாவில் தங்கியிருக்கிறார்கள். 'வியாழக்கிழமை பகல் நானுஓயாவில் கண்டி ரயில் ஏறுகிறோம். வழியில் வட்டகொடை இருப்பதைப் பார்த்தோம். இறங்கி உங்கள் வேலையைப் பார்க்க ஆசை. பதில் வராவிட்டால் உங்களுக்கு வசதிப்படவில்லை என்று புரிந்துகொள்வோம்.' அடியில் ஒரு போன் நம்பர்.

மணி பதினொன்று. ரயில் பன்னிரண்டரைக்கு மேல்.

முதலில் மலருக்கு எடுத்தேன். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவே பஸ் எங்கேயோ வளைவில் போய்க்கொண்டிருந்திருக்கும், லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் கிடைக்கவில்லை. மூடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவள். அவளைக் கேட்காமல் அவள் வாசலுக்கு விருந்தாளியை அனுப்ப எனக்கு என்ன உரிமை? ஆனால் அந்த இருவரும் சிக்னல் இல்லாத ரயிலில் ஏறிவிட்டால் அவள் 'சரி' என்று சொன்னாலும் பயனில்லை. வேண்டாம் என்று மலர் சொன்னால் திரும்பப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்கலாம். போகிற ரயிலைத் திருப்ப முடியாது. அந்த நம்பரை அழைத்தேன்.

மனைவி எடுத்தாள். என் ஆங்கிலம் அந்த நேரத்தில் இன்னும் மோசமாகியிருந்தது. மழுப்பாமல் சொன்னேன்: உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் பார்க்கவில்லை. தவறு அந்தப் பெண்களுடையது அல்ல, இணையதளம் செய்த என்னுடையது. தயவுசெய்து வட்டகொடையில் இறங்குங்கள்.

"ரயில் அங்கே நிற்குமா?" என்று கேட்டாள்.

"நிற்கும்."

"ஸ்டேஷனிலிருந்து எப்படி வருவது?"

"எங்கள் இணையதளத்தில் வழி போட்டிருக்கிறது," என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு என் போனில் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். படம் நகரத் தயாராகிக்கொண்டிருந்தது. மழைப் பெட்டி சுழன்றுகொண்டிருந்தது. ஹட்டன் டவுனில், நல்ல சிக்னலில், முழுதாகத் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. ரயிலுக்குள் அது திறக்கவே திறக்காது.

நான் நான்காவது தடவை அழைத்தபோது மலர் போனை எடுத்தாள். தலவாக்கலையில் இறங்கி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை கடிதம் என்று கேட்டாள். எண்ணவில்லை, நாற்பதுக்கு மேல் இருக்கும் என்றேன்.

"அப்ப அஞ்சு மாசமா எழுதியிருக்காங்களா?"

"ஆமா மலர். நான்தான் பாக்கல. நான் செஞ்ச பிழை."

பஸ் ஹோர்ன் சத்தத்துக்கு மேல் அவள் குரல் வந்தது.

"நாங்க எட்டுப் பேரும் உக்காந்து அழுதோம் அக்கா. நம்ம கைதான் சரியில்லன்னு அழுதோம்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி. ரயில் எத்தன மணிக்கு?"

சொன்னேன்.

"கொழுந்து சரியா வாடியிருக்கும். நான் த்ரீவீல் புடிச்சுப் போறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க."

கொழும்புக் கம்பனிக்கு மறுபடி எடுத்தேன். நல்ல வேளை, அதே குரல். விஷயத்தைச் சொல்லி, எல்லா ப்ளகினையும் ஒரேயடியாக நிறுத்தப்போகிறேன் என்றேன்.

"வேணாம் மிஸ். முதல்ல பிரதி. நான் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் இடம் கூட்டித் தாறேன். பிரதிய எடுத்து உங்க கம்பியூட்டர்ல இறக்குங்க, எங்க கிட்ட வைக்காதீங்க. அதுக்குள்ள ஒண்ணு சொல்லுங்க. இந்த வெப்சைட்டோட வேலை என்ன?"

"தேயிலை விக்கிறது."

"விக்கிறது அந்த அக்காமாரோட வேலை. வெப்சைட்டோட வேலை என்ன?"

யோசித்தேன். "என்ன தேயிலைன்னு காட்டணும். கடிதம் வாங்கணும். வழி சொல்லணும்."

"மூணுதான். இப்ப ஒவ்வொண்ணா நிப்பாட்டுங்க. ஒவ்வொரு தடவையும் போன்ல திறந்து, இந்த மூணும் நடக்குதான்னு பாருங்க."

பிரதி இறங்க இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் என் கை மவுஸை நோக்கிப் போய்ப்போய் வந்தது. தொடவில்லை. இறங்கி முடிந்ததும் ஆரம்பித்தேன். நகரும் படங்களை எடுத்தேன். எண்ணிக்கையை எடுத்தேன். மழைப் பெட்டி போனது. பேச்சுப்பெட்டி போனது. மூன்று காவலில் இரண்டு போயின. ஒன்றை எடுத்ததும் வழிப் படம் மறைந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்ததால் எது காரணம் என்று உடனே தெரிந்தது. அதற்குத் திரும்ப உயிர் கொடுக்காமல், வழிப் படத்தைச் சாதாரணப் படமாகவே போட்டு, கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் நாலு வரி எழுதினேன்: ஸ்டேஷனை விட்டு இடப்பக்கம் இறங்குங்கள், கோயிலைத் தாண்டி நீலக் கதவு.

கடையையும் எடுத்தேன். ஐந்து மாதத்தில் ஒருவர்கூட அந்த வண்டியில் எதையும் போட்டதில்லை. எல்லாரும் கடிதம்தான் எழுதியிருந்தார்கள்.

கடைசியாகக் குப்பை பிடிக்கும் இரண்டில் ஒன்றை நிறுத்தினேன். படிவத்தைத் திறந்து 'ஹலோ' என்று எழுதி அனுப்பினேன். மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

'ஹலோ' வந்தது.

என் வாழ்க்கையில் எத்தனையோ பெரிய தளங்கள் செய்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டியது போல எதற்கும் தட்டியதில்லை. கீழே மருந்துக்கடையில் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு மணி தாண்டியிருக்கும். இரண்டாவது கடிதம் வந்தது. அது நான் எழுதியது அல்ல. 'ரயிலில் இருக்கிறோம். சிக்னல் ஒரே ஒரு கோடு. உங்கள் பக்கம் திறந்துவிட்டது. இடப்பக்கம், கோயில், நீலக் கதவு. இறங்குகிறோம்.'

அதற்குப் பிறகு நடந்ததை மலர் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதுகில் பெரிய பைகளோடு இருவரும் சேற்றில் நடந்து வந்திருக்கிறார்கள். ஆறு பெண்கள் கொழுந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மனுஷி கை கழுவிவிட்டு வந்து தானும் உட்கார்ந்து உருட்டினாளாம். முதல் பிடியைக் கூழாக்கிவிட்டாளாம். எல்லாரும் சிரித்து, கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார்களாம். பேசுவதற்கு மொழியே தேவைப்படவில்லை. பிறகு சாயத்தண்ணி. கணவன் ஒரு மிடறு குடித்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றானாம்.

"பிடிக்கலையோன்னு பயந்துட்டோம் அக்கா. பாத்தா, உள்ள வந்து இன்னொரு கோப்பை கேக்குறான்!"

மாதாமாதம் தங்கள் கடைக்கு அனுப்பும்படி கேட்டு, அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலுக்குப் போனார்கள்.

மீதிக் கடிதங்களுக்கு நானே 'வருந்துகிறோம்' என்று ஒரே பதிலை எல்லாருக்கும் அனுப்பியிருக்கலாம். மலர் விடவில்லை. மூன்று நாள் ஹட்டனுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு கடிதத்தையும் தமிழில் படித்தேன், அவள் பதில் சொன்னாள், நான் ஆங்கிலத்தில் அடித்தேன். மாத்தளை மனிதருக்கு மட்டும் தமிழிலேயே எழுதச் சொன்னாள். "உங்க அம்மாவுக்கு எங்க செலவுல ஒரு பக்கெட் சேத்து அனுப்புறோம்னு போடுங்க." பாதிக்கு மேற்பட்டவர்கள் திரும்ப எழுதினார்கள். கொழும்புக்குப் பெட்டி கட்டியவள் பெட்டியை அவிழ்த்தாள். தோட்டத்துக்குப் போனவள் பெயர் வெட்டிக்கொண்டு வந்தாள். இன்று அந்த நீலக் கதவுக்குப் பின்னால் பத்தொன்பது பேர் வேலை செய்கிறார்கள்.

இப்போது நீங்கள் கேட்ட லிஸ்ட். மலரின் தளத்தில் மிஞ்சியது ஆறு. கடிதம் வாங்க ஒன்று. குப்பையைப் பிடிக்க ஒன்று, இரண்டு அல்ல. பிரதி எடுத்து வேறு இடத்தில் வைக்க ஒன்று. காவலுக்கு ஒன்று. பக்கத்தை இலேசாக்கி மோசமான சிக்னலிலும் திறக்க வைக்க ஒன்று. ஆறாவது, மொழி மாற்றுவது. வாங்குகிறவர்களுக்குத் தமிழ் வேண்டாம், ஆகவே அதையும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மலர் சொன்னாள்: "நம்மளப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு நாங்க படிக்க வேணாமா அக்கா?" வைத்தேன். உங்களிடம் வருகிறவருக்கு இந்த ஆறில் நாலு போதுமாக இருக்கலாம், வேறு ஏழாவது ஒன்று உயிராக இருக்கலாம். அந்தத் தளத்தின் வேலை என்ன என்று கேட்டு, பதில் வரும்வரை எதையும் போடாதீர்கள். போட்ட பிறகு, ஒவ்வொன்றுக்கும் பிறகு, நீங்களே ஒரு 'ஹலோ' எழுதிப் பாருங்கள். தவறு உங்களுடையது என்றால் வாடிக்கையாளரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மலர் அதற்குப் பிறகு என்னைவிட்டு வேறு யாரிடமும் போகவில்லை.

டென்மார்க்குக்கு முதல் பெட்டி போன நாளையும் சொல்லி முடிக்கிறேன். எட்டுப் பேரும் ரயிலேறி ஹட்டனுக்கு வந்தார்கள், தீபாவளிக்கு உடுத்துவது போல உடுத்திக்கொண்டு. நானும் கூடப் போனேன். தபால் கந்தோரில் இருந்தவர், நிரப்ப வேண்டிய பாரத்தில் அனுப்புபவர் பெயர் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். மலர் எட்டுப் பெயரையும் வரிசையாகச் சொன்னாள். அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு நோனா."

"அப்ப இன்னொரு தாள ஒட்டுங்க மாத்தயா," என்றாள் மலர், அவரைவிட நல்ல சிங்களத்தில். "செஞ்சது எட்டுப் பேர்."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். சிரித்தார். பாரத்தில் மலரின் பெயரை எழுதிவிட்டு, மேசை லாச்சியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பசையும் எடுத்துப் பெட்டியில் ஒட்டி, ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கேட்டு எழுதினார். தாளில் இடம் போதவில்லை. எட்டாவது பெயரை மட்டும் பெட்டி அட்டையிலேயே, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதி, முத்திரையை அதன் பக்கத்தில் ஓங்கிக் குத்தினார்.